தலைவரே, போர்டை முதல்ல நடும்

வாரும் வே தலைவரே, இப்படித் திண்ணையில இரும். தரிசு நிலத்தைத் திருத்தக் காசு வருதுன்னு யூனியன் ஆபீஸ்ல சொல்லிட்டாவளாக்கும்? மூஞ்சியிலயே தெரியுது. நாங்குநேரிப் பக்கத்துல நானும் எத்தனையோ தலைவரைப் பாத்தவன். எல்லாரும் இதே சிரிப்போடதான் வந்தாவ. சரி, யோசனை கேட்டு வந்திருக்கீரு. வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொல்லுதேன், குறிச்சுக்கிடும்.

மொதல்ல போர்டை நடும். தகரம் வேண்டாம், துருப்பிடிச்சிரும். செங்கல் வச்சுக் கட்டி, கிரானைட் பதிச்சு, திட்டத்துப் பேரு, மதிப்பீட்டுத் தொகை, உம்ம பேரு எல்லாத்தையும் வெட்டிரும். துணைத் தலைவர் பேரைச் சின்ன எழுத்துல போட்டிராதயும். அவரு கையெழுத்தும் சேராம ஊராட்சிக் கணக்குலருந்து ஒரு ரூவா நகராது. போர்டு நின்னாச்சுன்னா பாதி நெலம் திருந்தியாச்சு. மீதிப் பாதிக்கு போட்டோ இருக்கு. ‘பணிக்கு முன்’, ‘பணிக்குப் பின்’னு ரெண்டு படம் கேப்பாவ. முன் படத்தைச் சித்திரையில எடும், பின் படத்தைக் கார்த்திகையில எடும். நாலு மழை பெஞ்சா நம்ம செவக்காடு யாரும் திருத்தாமலே பச்சையாத் தெரியும்.

அடுத்தாப்புல ஜேசிபி. சீமைக்கருவேலத்தை மேலால அடிச்சுச் சாச்சாப் போதும்னு சொல்லிரும். தூரோட தோண்டுனா மணிக்கணக்கு வாடகை ஏறிரும். மேல வெட்டுனா விறகு கரிமூட்டத்துக்குப் போவும், அடியில கெடக்க தூரு அடுத்த மழைக்கு நாலா அஞ்சாக் கிளைக்கும், ரெண்டு வருசத்துல காடு திரும்பி வந்துரும். நீரும் திரும்ப மதிப்பீடு போடலாம். ஆட்டுக்காரனையும் தடுக்காதயும். ஆடு நெத்தைத் தின்னுட்டுப் புழுக்கை போடுத இடமெல்லாம் சீமைக்கருவேலம் மொளைக்கும், செலவே இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல, 1870கள்ல, சென்னை மாகாணத்துக்குள்ள வந்த மரம் அது. 2017ல மதுரை ஹைகோர்ட்டுக் கிளை வெட்டுன்னுச்சு. அந்த வருசமே நிறுத்துன்னு இடைக்காலத் தடையும் வந்துச்சு. 2022ல அரசாங்கம் அந்நியத் தாவரத்துக்குன்னு ஒரு கொள்கையே போட்டுச்சு. மரம் இதுல ஒண்ணையும் படிக்கல.

என்ன வே, பேனாவை மூடிட்டீரு? கிண்டல் பண்ணுதேன்னு கண்டுபிடிச்சிட்டீராக்கும். கெட்டிக்காரரு. அப்பம் காசு விசயத்துக்கு வருவோம்.

துட்டு வருதுன்னு சொன்னவுக அதுல எத்தன முடிச்சு இருக்குன்னு சொன்னாவளா? 15ஆவது நிதிக்குழு, 2021லருந்து 2026 வரைக்கும் நாடு முழுக்க உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி கொடுக்கச் சொல்லிச்சு. கேட்டாலே கெறக்கமா வருது. ஆனா அதுல நூத்துக்கு 60 ரூவா குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப்போட்ட காசு. மிச்சம் 40 ரூவா ஊருக்கு எது தேவையோ அதுக்கு. அந்த நாப்பதுலயும் சம்பளம் கொடுக்கக் கூடாதுன்னான். புரியுதா? குழி வெட்டலாம், வேலி அடிக்கலாம். தண்ணி ஊத்துத ஆளுக்கு மாசச் சம்பளம்னு எழுத முடியாது. மாநில நிதிக்குழு மானியம் வந்தா, உமக்கு முன்னால கரண்டு பில்லும் குடிதண்ணிக் கட்டணமும் வரிசையில நிக்கும்.

அந்த மத்திய மானியமும் தேர்தல் நடந்தாத்தான். 2016ல நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டுக்குப் போயி, மத்த மாவட்டங்கள்ல 2019 டிசம்பர்லதான் நடந்துச்சு. நம்ம மாவட்டத்தைப் பிரிச்சுத் தென்காசியை உண்டாக்கினாவ பாரும், அதனால திருநெல்வேலி, தென்காசி உட்பட ஒம்பது மாவட்டத்துக்கு 2021 அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு. அஞ்சு வருசம் தனி அலுவலர் ஆட்சி. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளு இல்லன்னு டெல்லி துட்டை நிறுத்திருச்சு. அந்த அஞ்சு வருசத்துல நம்ம பக்கம் ஒழுங்கா வளந்தது கருவேலங்காடு ஒண்ணுதான்.

சரி, எந்த நெலத்தைத் திருத்தப் போறீரு? நம்ம ஊருத் தரிசுங்கீரு. நம்ம ஊருல கெடக்குங்கது நெசம். விஏஓ ஆபீஸ்ல அ-பதிவேட்டை விரிச்சுப் பாரும். ஒரு பக்கம் தீர்வை ஏற்படாத தரிசு, அது வருவாய்த் துறைக்காரவுகளுக்கு. பெரிய கொளத்துப் புறம்போக்கு நீர்வளத் துறைக்கு. மிச்சம் பட்டா. பட்டாக்காரரு பம்பாயில தாராவிப் பக்கம் இருப்பாரு, பட்டா அவரு தாத்தா பேருலயே நிக்கும், தாத்தாவுக்கு ஏழு பிள்ளைய. ஊராட்சிக்குன்னு நேரா கைக்கு வர்றது சுடுகாடும் களமும் மந்தையும்தான்.

2021-22ல கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு. யோசனை நல்ல யோசனை, குத்தம் சொல்ல மாட்டேன். 10, 15 ஏக்கர் தரிசு ஒரே தொகுப்பா இருக்கணும், குறைஞ்சது எட்டு விவசாயி சேந்து குழுவாப் பதியணும். அரசாங்கமே முள்ளை எடுத்து, போர் போட்டு, மோட்டாரு வச்சுக் கொடுக்கும். மாநிலம் பூராவும் 11.75 லட்சம் ஹெக்டேரைச் சாகுபடிக்குக் கொண்டு வரணும்னு கணக்கு. ஆனா எட்டுப் பேரை ஒரு பந்தியில உக்கார வைக்கலாம் வே, ஒரு போர்ல மொறை வச்சுத் தண்ணி பாய வைக்கிறது வேற சங்கதி. திங்கக்கிழமை அண்ணன் மொறை, செவ்வாக்கிழமை தம்பி மொறை. செவ்வாக்கிழமை கரண்டு இல்லன்னா தம்பி வெட்டரிவாளோட வருவான். அதனால போரு எங்கன விழணும்னு ஜியாலஜிஸ்டைக் கேக்குமுன்ன, மொறை எப்படின்னு எட்டுப் பேத்துகிட்டயும் எழுதி வாங்கும்.

திருத்தாமலே விட்டுட்டா என்னன்னு கேப்பீரு. சும்மா கெடக்க நெலம் சும்மா கெடக்காது. 2024 டிசம்பர்ல நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பக்கம் என்ன நடந்துச்சு? திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் குப்பையை ராவோட ராவா லாரியில கொண்டாந்து கொட்டிட்டுப் போயிட்டானுவ. ஊசி, மருந்துக் குப்பி, நோயாளி பேரு எழுதின சீட்டு வரைக்கும். அந்தச் சீட்டுதான் ஆளைக் காட்டிக் கொடுத்துச்சு. பசுமைத் தீர்ப்பாயம் ஒரு சத்தம் போட்ட பொறவுதான் கேரளாக்காரவுக லாரி அனுப்பி அள்ளிக்கிட்டுப் போனாவ. அவனுக்கு நம்ம ஊரு பாதை எப்படித் தெரிஞ்சுச்சுன்னு நான் கேக்கல. உள்ளூர்க்காரன் ஒருத்தன் கை காட்டாம ஒரு லாரி கூட உள்ள வராது.

குவாரிக் குழியும் அப்படித்தான். அடைமிதிப்பான்குளத்துல 2022 மே மாசம் பாறை சரிஞ்சு நாலு உசிரு போச்சு. அது ஓடிக்கிட்டிருந்த குவாரி. ஓடி முடிஞ்ச குழிக்கு வேலி கூடக் கெடையாது, பிள்ளைய குளிக்கப் போவுது. நம்ம பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஒரு கதை சொன்னாரு. சீமையில வேல்ஸ்னு ஒரு நாடாம், அங்க ஆபர்ஃபான்னு ஒரு ஊரு. நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவு மண்ணை மலை மேல குவிச்சு வச்சு, 1966ல அது சரிஞ்சு 144 பேரு செத்தாவளாம், 116 பேரு பிள்ளைய. அதுக்குப் பொறவுதான் கெட்டுப்போன நிலத்தைச் சரி பண்ண அந்தூரு உள்ளாட்சிகளுக்கு அரசாங்கம் வாரிக் கொடுக்க ஆரம்பிச்சுதாம். அதுலயும் கேளும்: மிச்சம் நின்ன கழிவு மேட்டை அகத்த, ஊருக்கு வந்த நிவாரண நிதிலருந்தே ஒன்றரை லட்சம் பவுண்டைப் புடுங்கிக்கிட்டாவ. 1997லதான் திருப்பிக் கொடுத்தாவ. வட்டி இல்லாம. அரசாங்கம்னா எந்த ஊருலயும் அரசாங்கந்தான் போல. நீரு சாவு விழுமுன்ன கேளும். மாவட்டக் கனிம அறக்கட்டளைன்னு கலெக்டர் கிட்ட ஒரு நிதி இருக்கு, 2015ல சட்டம் திருத்தி வந்தது, குவாரியால பாதிச்ச ஊருக்குன்னே வச்சிருக்காவ. ஒரு மனு எழுதக் காசா பணமா?

பெரிய காசு வந்தா எல்லாம் சரியாயிரும்னு மட்டும் நெனைக்காதயும். தாமிரபரணி உபரித் தண்ணியை வெள்ளாங்குளியிலருந்து 75 கிலோமீட்டர் வெட்டி, கருமேனியாறு, நம்பியாறு வழியா எம்.எல். தேரிக்குக் கொண்டு போற கால்வாய் இருக்குல்லா? 2009ல ஆரம்பிக்கையில 369 கோடின்னாவ. 2025 பிப்ரவரியில முதலமைச்சர் வந்து திறந்து வைக்கையில ஆயிரத்து அறுவது கோடி. மதிப்பீடு வளந்த வளத்திக்கு கருவேலமே தோத்துப்போவும். ஆனாலும் அந்தக் கால்வாயை நான் பழிக்க மாட்டேன். மூலைக்கரைப்பட்டிப் பக்கம் ஆடு மேய்க்கக் கூட ஆகாதுன்னு கெடந்த காட்டுக்குத் தண்ணி வர ஒரு வழி உண்டாயிருக்கு. கடலுக்குப் போற வெள்ளத்துல ஒரு பங்கு நம்ம கொளத்துல நின்னா நல்லதுதான. என் பயம் வேற. தண்ணி வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே நெலத் தரகன் வந்துட்டான். திருத்துன காடு எல்லாம் பிளாட்டாப் போனா, கால்வாய் வெட்டுனது யாருக்கு?

இப்பம் பேனாவைத் தொறயும். நெசமான யோசனை ஒண்ணே ஒண்ணுதான். திருத்துறதுக்குக் காசு எங்கனயிருந்தாவது வந்துரும். திருத்துன நெலத்தை மறு வருசம் பாக்கத்தான் எவனும் தர மாட்டான். சம்பளம் போட விதி இல்லேல்லா, அப்பம் மகசூலைக் கொடும். புறம்போக்குப் புளியமரத்தை ஊராட்சி ஏலம் விடுதுல்லா, அதே வழிதான். முருங்கையோ நெல்லியோ வச்சு, ஊருல ஒழுங்கா நடக்குத மகளிர் குழு ஒண்ணுகிட்ட அஞ்சு வருசத்துக்கு மகசூல் பாத்தியதையைக் கொடுத்திரும். காய் அவுகளுக்கு, காவலும் அவுகளுக்கு. கருவேலத் தூரு மொளைச்சா மொதல்ல பாக்கது அவுக கண்ணாத்தான் இருக்கும். மோட்டாரு ரிப்பேருக்கு மட்டும் நிதிக்குழு மானியத்துல கட்டிப்போடாத காசுலருந்து ஒரு பங்கை வருசா வருசம் ஒதுக்கி வையும்.

வருசத்துக்கு ஆறு கிராமசபை இருக்கு. வாரதுல, ஜேசிபிக்கு ஆர்டர் போடுமுன்ன, இதைத் தீர்மானமாக் கொண்டு வாரும். எந்தக் குழு, எத்தன வருசம், எந்தத் தலைப்புல காசுன்னு அத்தனையும் எழுதிக் கொண்டாரும். நோட்டுல மொதக் கையெழுத்து நான் போடுதேன்.