ஆணியால் கீறிய டம்ளர்

1989-ல் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நாலு பேர் ஓர் அறையில் தங்கியிருந்தோம். எனக்கு வயது 22. ஐப்பசி மழையில் பிடித்த சளி ஒரு வாரத்தில் போய்விட்டது; இருமல் மட்டும் போகவில்லை. தொண்டையில் தூசு ஒட்டிக்கொண்டது போல ஓர் உறுத்தல். செருமினால் அடங்கும், அடுத்த நிமிடமே திரும்ப உறுத்தும். தை பிறந்த பிறகும் இருமிக்கொண்டிருந்தேன்.

அறையில் ஒரே மாதிரி நாலு எவர்சில்வர் டம்ளர்கள். ஒரு நாள் காலை காபி வாங்க எடுத்தபோது, ஒன்றின் அடியில் ஆணியால் பெருக்கல் குறி கீறியிருந்தது. என் கையில் அதைத்தான் கொடுத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் வாலிபன் ஒருவன் விடாமல் இருமினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை டி.பி. என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ‘அந்த வியாதி’ என்பார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பாயி சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள். அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். தொண்டைக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்பது இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் அன்று ராத்திரி அவள் அம்மாவிடம் கிசுகிசுத்ததும் நினைவிருக்கிறது: “வெளியில சொல்லிறாதடி. பொண்ணுக்கு வர்ற சம்பந்தம் நின்னு போயிரும்.” அக்காவுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னை திரும்பியதும் யாருக்கும் சொல்லாமல் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். சளியைச் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. அதோடு என்னை அனுப்பியிருக்கலாம். அந்த டாக்டர் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்.

“படுத்தா வருதா தம்பி, எழுந்தா வருதா? மூக்கு அடைக்குமா? எங்க தூங்குற? தலகாணி என்ன வயசு?”

மூக்கிலிருந்து சளி பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்குகிறது, அதுதான் உறுத்துகிறது என்றார். என் இலவம்பஞ்சுத் தலையணை மேன்ஷனில் எனக்கு முன்பு இருந்தவருடையது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, விடிய விடியக் கொசுவத்தி வேறு. தலையணையைத் தூக்கிப்போட்டேன், கொசுவலை கட்டினேன், அலர்ஜி மாத்திரை சாப்பிட்டேன். ஒரு மாதத்தில் இருமல் நின்றது.

கதை அதோடு முடியவில்லை. எங்கள் அறையில் மன்னார்குடி நண்பன் ஒருவன் இருந்தான். அவனும் இருமுவான், ஆனால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இருமுவான். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தான். என் டம்ளரைப் பார்த்தவன் தன் இருமலை வெளியில் காட்டுவானா? சித்திரையில் ரத்தம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காசநோய் அவனுக்குத்தான். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டான்.

காசநோய் காற்றில் பரவுவது. டம்ளரில் ஒட்டிக்கொண்டு வருவதல்ல. டம்ளரைப் பிரித்து வைத்த நாங்கள், திறந்திருக்க வேண்டிய ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாலு பேரும் ஒரே காற்றைச் சுவாசித்தோம். நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, 1959-லேயே உலகத்துக்குச் சொல்லிவிட்டது. எங்கள் மேன்ஷனிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் நடந்தது அது. முப்பது வருஷமாகியும் எங்கள் அறைக்கு வந்து சேரவில்லை.

இப்போது என் மகளுக்கு 24 வயது. பெருங்குடியில் வேலை. போனில் பேசும்போது இரண்டு வாக்கியத்துக்கு ஒரு செருமல். கேட்டால், “அலர்ஜிப்பா, விடுங்க” என்பாள். மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடிப்பாள். எத்தனை நாளாக என்றால் தெரியாது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். நாலு மாதம்.

அன்று இருமலுக்கு ஒரே அர்த்தம் இருந்தது, பயந்து மறைத்தோம். இன்று அதற்கு அர்த்தமே இல்லை. யாரும் நாளை எண்ணுவதில்லை. இரண்டிலும் கேட்கப்படாமல் போவது அந்த டாக்டர் கேட்ட கேள்விகள்தான்.

சளிக்காய்ச்சலுக்குப் பிறகு இருமல் சில வாரம் நீடிப்பது சகஜம். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் அந்தச் சோதனை இலவசம். எட்டு வாரம் தாண்டினால் அது நாள்பட்ட இருமல். காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். மூக்கிலிருந்து இறங்கும் சளியாக இருக்கலாம். வீசிங் சத்தமே இல்லாமல், விடியற்காலையிலோ குளிர்காற்றிலோ ஓடும்போதோ இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். சிகரெட்டாக இருக்கலாம், 2019-லேயே தடை செய்தும் கைக்குக் கை மாறும் மின்சிகரெட்டாகவும் இருக்கலாம். பஞ்சாலைத் தூசு, சிமெண்டுத் தூசு என்று வேலை செய்யும் இடமாகவும் இருக்கலாம். ரத்தம், எடை குறைவு, மாலைக் காய்ச்சல், மூச்சுத்திணறல், மூன்று வாரமாகியும் தெளியாத குரல், விழுங்கச் சிரமம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

சோதனைக்குப் போகலாம் என்றதும் மகள் முகம் மாறியது. “எனக்கா டி.பி.? ஆபீஸ்ல தெரிஞ்சா என்னப்பா நினைப்பாங்க?” அப்பாயியின் கிசுகிசுப்பு அவள் வாயிலிருந்து வந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது.

காசநோய் இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்பது. பதினொரு மணிக்குப் பிரியாணி. சாப்பிட்ட கையோடு லேப்டாப்புடன் படுக்கை. வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கியிருந்தது. நெஞ்செரிச்சலே இல்லாமலும் அப்படி வருமாம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, காபியைக் குறைப்பது, செருமத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர். செருமச் செருமத் தொண்டை இன்னும் ரணமாகும். அடங்க இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த டம்ளர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடியில் உள்ள கீறலைப் பார்த்து மகள் ஒரு நாள் என்னவென்று கேட்டாள். மன்னார்குடி நண்பனின் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவள், “என் டீம்ல ஒரு பையன் ரொம்ப நாளா இருமுறான்பா” என்றாள்.

“எத்தனை நாளாம்மா?” என்றேன்.

“கேட்கிறேன்” என்று போனை எடுத்தாள்.