கல்லும் தண்ணீரும் கூலியும்

கேள்வி: பொருளியல் பாடத்தில் வரும் ஜெவன்ஸ் யார் சார்?
– மாணவி, பலாங்கொடை

பதில்: வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், 1835இல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பாவின் இரும்பு வியாபாரம் நொடித்துப்போனது. படிப்பைப் பாதியில் விட்டு, 1854இல் சிட்னி நாணயச்சாலையில் தங்கம் சோதிக்கப் போனார். திரும்பி வந்து படிப்பை முடித்து, பேராசிரியரானார். விசையை அழுத்தினால் தர்க்கக் கணக்குக்கு விடை தரும் பியானோ போன்ற இயந்திரமும் செய்தார். 1882இல் நீந்தப் போனவர் கடலோடு போய்விட்டார். வயது 46.

கேள்வி: தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது, மாணிக்கக்கல் இல்லாமல் வாழலாம். கல்லுக்கு மட்டும் ஏன் இந்த விலை?
– வாசகர், இரத்தினபுரி

பதில்: 1871இல் ஜெவன்ஸ் சொன்ன விடை: விலை கடைசிக் குடத்தைப் பொறுத்தது. உங்கள் ஊரில் மழைக்குக் குறைவில்லை. இன்னொரு குடத்தால் பெரிய பயனில்லை. குழி தோண்டி, கூடை கூடையாக மண்ணை அலசினாலும் நல்ல நீலக்கல் எப்போதோ ஒன்றுதான். ஆனால் 2017 மே வெள்ளத்தில் கிணறு மூழ்கிய வீட்டுக்காரரைக் கேளுங்கள், ஒரு போத்தல் நல்ல தண்ணீரின் அருமையைச் சொல்வார்.

கேள்வி: எங்கள் சம்பளம் குறைவு என்றால் உழைப்புக்கு மதிப்பில்லை என்றா அர்த்தம்?
– கொழுந்தெடுப்பவர், தெரணியகலை

பதில்: இல்லவே இல்லை அக்கா. விலை வேறு, அருமை வேறு. வேலை நீள நீள அலுப்பு ஏறும், கூடுதல் காசின் பயன் இறங்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் உழைப்பாளி நிறுத்துவார் என்றார் ஜெவன்ஸ். நிறுத்தும் இடம் உங்கள் கையிலா இருக்கிறது? படங்கு நனைந்து, காலில் அட்டை கடித்து நின்றாலும், குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1000 ரூபாயானதும் பல தோட்டங்களில் கிலோவும் ஏறியது.

கேள்வி: பெண்களைப் பற்றி ஏதும் எழுதினாரா?
– பால்வெட்டும் தாய், எட்டியாந்தோட்டை

பதில்: எழுதினார். கைக்குழந்தைகள் சாவதைப் பொறுக்காமல், தாய்மாரை ஆலை வேலைக்கு எடுக்கக் கூடாது என்றார். அக்கறை சரி, வழி தவறு. விடியலில் பால் வெட்டப் போகும் தாயை நிறுத்தினால் வீட்டில் உலை கொதிக்காது. திருத்த வேண்டியது பிள்ளைக்காம்பராவை: சுத்தமான தண்ணீர், சத்துணவு, பயிற்சி பெற்ற ஆயா.

கேள்வி: அவரிடம் தோட்டத்து மக்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது?
– ஆசிரியர், இறக்குவானை

பதில்: கடைசிக் கிலோவைப் பார்க்கும் கண். சம்பளப் பேச்சுக்குப் போகிற தலைவர்கள் ரூபாயை மட்டும் பேசி வரக் கூடாது. எத்தனை கிலோவுக்கு அந்த ரூபாய் என்பதையும் எழுத்தில் வாங்கி வரவேண்டும்.