எதிராளி போயிட்டான், இப்ப பாடு

வாடா பேராண்டி, உக்காரு. ராத்திரி ஷிப்டு முடிச்சு மூஞ்சி பூரா ரோலிங் மில் கரி. கழுத்துல மட்டும் சங்கிலி பளபளங்குது. கவரிங்தானே? தப்பில்லடா. நானும் கூத்துல கட்டியங்காரன் வேஷம் கட்டுறப்ப ஜிகினா ஒட்டிக்கினுதான் ஏறுவேன்.

உங்கம்மா காலையிலேயே வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனா. சிப்காட்டு வேலையை விட்டுட்டு ராப்பு பாடப் போறியாமே. "நீங்களாச்சும் ரெண்டு வார்த்தை திட்டுங்க மாமா"ன்னா. திட்டுறதுக்கு நான் எதுக்கு? அதுக்குத்தான் நீங்களே ஆளுக்கு ஒரு மைக்கு வச்சிக்கினு பேட்டில் நடத்துறீங்களே.

போன ஞாயித்துக்கிழமை வீடியோவைப் பார்த்தேன். எதுக்க நின்ன பையனோட முடி, செருப்பு, அவன் பைக்குக்குக் கட்டாத டியூ, எல்லாத்தையும் சந்திக்கு இழுத்துட்டே. கூட்டம் ஓன்னு கத்துச்சு. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. ஆனா ஃப்ரீஸ்டைல்னு, அப்பவே வாயில வந்ததுன்னு சொன்னியே, அந்த டியூ வரியை வெள்ளிக்கிழமையே மாட்டுக் கொட்டாயில நின்னு எருமைகிட்ட பாடிக் காட்டினே, நான் கேட்டுக்கினுதான் இருந்தேன். எருமை வாலைக்கூட ஆட்டலை.

வெக்கப்படாதே. கட்டியங்காரன் பொழப்பும் அதேதான். விடியக்காலம் மூணு மணி, ஜனம் பாய் மேல சாஞ்சிடும். உள்ள துரியோதனன் வேஷக்காரரு இன்னும் கிரீடம் கட்டிக்கினு இருப்பாரு. மத்தளக்காரன் என்னைப் பார்ப்பான், நான் ஜனத்தைப் பார்ப்பேன். ஊர்ப் பெரியவரு தொந்தி, மளிகைக் கடை பாக்கி, வராத கரண்டு, எல்லாம் அந்த நேரத்துல வாயில இருந்து கொட்டும். அப்பவே தோணினதுன்னு நினைச்சு ஜனம் எழுந்து உக்காந்து சிரிக்கும். மடியில ஒரு நாப்பது வரி முடிஞ்சு வச்சிருப்பேன்டா! பொன்னேரியில நாட்டாமைன்னு பாடுறதை ஊத்துக்கோட்டையில மணியக்காரர்னு மாத்துவேன், அவ்ளோதான். நாப்பதுல முப்பது பழசு, பத்து அந்த ராத்திரிக்குப் பொறந்தது. அந்தப் பத்துக்குத்தான் காசு.

அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நீ சொல்ற இந்தச் சண்டை நம்ம ஊருக்குப் புதுசா? அரக்கோணம் ரயில்ல ஏறினா நடுவுல திருவாலங்காடு வருதே, அங்க சிவனும் காளியும் ஆடினது என்னவாம்? யாரு ஆட்டத்துக்கு யாரு எப்படிப் பதில் ஆடுறாங்கன்னு ஊரே பார்த்துச்சாம். அவரு காலைத் தலைக்கு மேல தூக்கினாரு, காளி கூச்சப்பட்டு நின்னுட்டா. ஜெயிச்சவருக்கு ரத்தின சபை. தோத்தவளுக்கும் அங்கேயே கோயில் இருக்குது, அவளைக் கும்பிட்டுட்டுத்தான் உள்ள இருக்கிறவரைப் பார்க்கணும்னு வழக்கம். ஆசுகவி காளமேகத்தை எடுத்துக்கோ. கோயில் மடைப்பள்ளியில கரண்டி பிடிச்சவர்னு சொல்லுவாங்க. திருமலைராயன் சபையில அதிமதுரகவி கூட மோதினவரு. காமன் பண்டிகையில லாவணி பாடுவாங்க. மன்மதன் எரிஞ்சான்னு ஒரு கட்சி, எரியலைன்னு ஒரு கட்சி, விடியற வரைக்கும் விடமாட்டாங்க. உன்கூட மில்லுல கம்பி இழுக்கிறானே பீகார்ப் பையன், அவனைக் கேட்டுப் பாரு. போஜ்பூரியில துகோலான்னு ஒண்ணு, ரெண்டு கோஷ்டி எதிரும் புதிருமா மேடையேறி மானத்தை வாங்கிக்குவாங்களாம். அவன் டீக்கடையில பாடிக் காட்டினான். ஒரு வார்த்தை புரியலை, ஆனா யாரையோ நல்லா நாறடிக்கிறான்னு புரிஞ்சுச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். உன்னை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு சொன்னே. நான் ஒரே ஒரு தபா அந்த மாதிரி ரூமுக்குப் போயிருக்கேன். டப்பா மாதிரி இருக்கும், சுவர் பூரா பஞ்சு, எதுக்க ஒரு மைக்கு. கத்துறதுக்குக் கூட்டம் கிடையாது, திட்டுறதுக்கு ஆளு கிடையாது. எதிராளி வீட்டுக்குப் போய் சோறு தின்னுட்டுத் தூங்கிட்டான். அவன் முடியைப் பத்தி எழுதின பன்னெண்டு வரியை வச்சிக்கினு இன்னா பண்ணுவே? அவன் முடி வெட்டிக்கினா உன் பாட்டு செத்துச்சு.

நீ போனுல படம் வச்சிருக்கியே எமினெம், அவன் கதையைத்தான் நீயே எனக்கு நூறு தபா சொன்னியே. கார் கம்பெனி ஊரு டெட்ராய்ட்டு. ஓட்டல் அடுப்படியில வேலை பார்த்தவன் (மடைப்பள்ளிக்காரன் வாய் எங்க பொறந்தாலும் சுடும்போல). 1997ல லாஸ் ஏஞ்சலஸ்ல ராப் ஒலிம்பிக்ஸ்னு போட்டிக்குப் போனான். தோத்தான்டா! ரெண்டாவது இடம். ஆனா அவன் பாடி வச்சிருந்த ரெக்கார்டு பெரிய கம்பெனி வரைக்கும் போய்ச் சேர்ந்து, மியூசிக் போடுற டாக்டர் டிரே காதுல விழுந்துச்சு. 1999ல ஆல்பம். போட்டியில அவனை ஜெயிச்சவன் பேரு உனக்குத் தெரியுமா? பாரு, முழிக்கிறே.

நம்ம பக்கத்துக்கு வா. மலேசியா யோகி பி கூட்டம் 2006ல 'வல்லவன்'னு ஆல்பம் போட்டு வழியைத் திறந்து விட்டுச்சு. கோயம்புத்தூர் ஆதி 2011ல ரேடியோ மிர்ச்சி மைக்குல 'கிளப்புல மப்புல' பாடினாரு, அது போன் போனாப் பரவுச்சு. மறுவருஷம் ஆல்பம், 2015ல 'ஆம்பள' படத்துக்கு மியூசிக். அந்த மப்புப் பாட்டு எனக்குப் பிடிக்காது, அது வேற. குடிச்ச பொம்பளைப் பிள்ளையைத் திட்டின நேரத்துல நம்ம டாஸ்மாக் வாசலை ஒரு தபா எட்டிப் பார்த்திருக்கலாம்.

எனக்குப் பிடிச்ச ஆளு அறிவு. அரக்கோணத்துக்காரரு. பக்கத்து ஊருப் பிள்ளைன்னு எனக்கும் கொஞ்சம் கொழுப்பு உண்டு. பா.ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கூட்டத்துல நின்னு 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல மேடையேறினாரு. அடுத்த வருஷம் 'தெருக்குறள்' ஆல்பம். 2021 மார்ச்சுல 'என்ஜாயி என்ஜாமி', உலகமே கேட்டுச்சு. அதுல எதிராளி யாரு சொல்லு? யாருமில்லை. அவங்க ஆயா வள்ளியம்மா இருக்காங்க. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல கூலி வேலை பார்த்தவங்க. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மாவும் உக்காந்து அஞ்சேகால் லட்சம் பேரை இந்தப் பக்கம் அனுப்புறதுன்னு கையெழுத்து போட்டாங்க. தலைமுறை தலைமுறையா உழைச்ச மண்ணு ஒரே ஒப்பந்தத்துல கைவிட்டுப் போச்சு. தோட்டத்துல உழைச்ச அந்த ஜனத்தோட கதை, பேரன் வாயில பாட்டாச்சு. 2024ல போட்ட ஆல்பத்துக்குப் பேரே 'வள்ளியம்மா பேராண்டி'.

நீயும் பேராண்டிதான். உங்க ஆயாவைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? சுகர் மாத்திரை போடுறா, சீரியல் பார்க்கிறா, அவ்ளோதானே? மில்லுக்குப் பக்கத்துல இப்ப லாரி நிறுத்துற இடத்துல அவ நாத்து நட்டிருக்காடா. நாத்து நடுறப்ப ஒரு பாட்டு, களை பறிக்கிறப்ப வேற பாட்டு. கங்காணி காதுல விழுற மாதிரி ஒண்ணு, விழாத மாதிரி ஒண்ணு. அந்த விழாத பாட்டு இருக்குது பாரு, உன் பேட்டில் எல்லாம் அதுங்கிட்ட கை கட்டி நிக்கணும்.

தொழில் விஷயம் ஒண்ணு. வரிக்கு வரி 'டா'வுல முடிக்கிறே. வந்தேன்டா, நின்னேன்டா, கொன்னேன்டா. அது ரைமு இல்லடா, ஏரு ஓட்டுறப்ப மாட்டை அதட்டுறது. இங்கிலீசுல வார்த்தைக்கு வார்த்தை வாலு வேற வேற, சேர்த்துக் கட்டுறது கஷ்டம், அதனால கை தட்டுறான். தமிழ்ல நான்னு சொல்ற வினைக்கெல்லாம் ஒரே வாலு, 'ஏன்'னு முடிச்சா எல்லாமே சேர்ந்துடும். அதனாலதான் நம்ம புலவருங்க வாலை விட்டுட்டு, வரி ஆரம்பத்துல ரெண்டாவது எழுத்தைப் பிடிச்சு எதுகைன்னு பூட்டு போட்டாங்க. முதல் எழுத்துல மோனை. ரெண்டையும் போட்டுப் பாரு, பீட்டு இல்லாமலே தலை ஆடும். எருமைகூட ஆடும்.

காசு விஷயத்தையும் சொல்லிடறேன். எங்க கூத்து செட்டை ஒருத்தன் கூட்டிக்கினு போய், மொத்த ராத்திரிக் கூத்தை ஒன்றரை மணி நேரமாச் சுருக்கி கேசட்டு போட்டான். ஆளுக்கு இருநூறு ரூபா, ஒரு பிரியாணி, ஒரு வெத்துப் பேப்பர்ல கையெழுத்து. ஆறு மாசம் கழிச்சு கும்மிடிப்பூண்டி டீக்கடையில என் குரல் கேட்குது. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது. "அது நான்தான்யா"ன்னேன். "இருக்கட்டும், டீக்குக் காசை எடு"ன்னான் கடைக்காரன். அது கேசட்டு காலம். இப்பவும் பெருசா ஒண்ணும் மாறலை. 'என்ஜாயி என்ஜாமி' பாட்டுல இருந்து எங்களுக்கு ஒரு பைசா வரலைன்னு அதுக்கு மியூசிக் போட்ட சந்தோஷ் நாராயணனே 2024 மார்ச்சுல வீடியோவுல சொன்னாரு. பாட்டை வெளியிட்ட கம்பெனி தன் பக்க நியாயத்தைச் சொல்லுச்சு. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் நாட்டாமை இல்லை.

உனக்குச் சட்டம் கொஞ்சம் துணை இருக்குது. நம்ம வக்கீல் குமாஸ்தா வெத்தலை போட்டுக்கினே சொன்னாரு. 2012ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திட்டாங்களாம். பாட்டு எழுதினவன் தன் ராயல்டி பங்கைப் சட்டப்படி வாரிசுக்கோ, வசூல் பண்ற சொசைட்டிக்கோ தவிர வேற எவனுக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ஐபிஆர்எஸ்னு ஒரு சொசைட்டி இருக்குது, அதுல பேரைப் பதிஞ்சுக்கோ. பேப்பரை நீட்டினா முதல்ல படி. இங்கிலீசுல இருந்தா குமாஸ்தாகிட்ட கொண்டு போ, ஒரு வெத்தலைக் கட்டுதான் செலவு. பிரியாணி தின்னுக்கினே மட்டும் கையெழுத்து போடாதே, எண்ணெய்க் கையில எழுத்து நல்லா வராது.

மில்லு வேலையை விடணுமான்னு கேட்கிறே. நான் கூத்துக் கட்டின வருஷமெல்லாம் பகல்ல ஏரு ஓட்டினேன். நீ ராத்திரி ஷிப்டைப் பகல் ஷிப்டா மாத்திக் கேளு. உங்கம்மாகிட்ட நான் திட்டிட்டேன்னு சொல்லு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு போனா நம்பிடுவா.

ஞாயித்துக்கிழமை பேட்டில் எதுவும் வச்சிக்காதே. ஆயா மத்தியானம் சோறு தின்னுட்டுத் திண்ணையில கால் நீட்டி உக்காருவா. போனுல முழுசா சார்ஜ் போட்டு எடுத்துக்கினு வா. அவ பாட ஆரம்பிச்சா குறுக்க பீட்டு போடாதே, சும்மா கேளு.