ஏணி பிடித்தல்: கினிகத்தேனை லயக் கூரைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஏணியில் ஏறுகிறவனைப் பற்றித் தமிழில் நிறையப் பேசியாயிற்று. ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தவனைத் திட்டித் தீர்த்தாயிற்று. பிரியாவிடைக் கூட்டங்களில் ஆசிரியர்களை ஏணி என்று புகழ்ந்து பொன்னாடையும் போர்த்தியாயிற்று. ஆனால் ஏணியின் அடியில் ஈர மண்ணில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து விழும் துருத்தூளைத் தலையில் வாங்குகிறவனைப் பற்றிப் புலமை உலகம் ஒரு வரி எழுதியதில்லை. இந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுப் பொருள்: ஆகஸ்ட் விடுமுறையில் திருச்சபை வாலிபர் கூட்டங்கள் இலங்கை மலையகத் தோட்டப்புறங்களில் நடத்தும் ஒரு வார வீடு திருத்தும் சிரமதானம். ஆய்வுக்குட்பட்ட உயிரி: பதினாறு வயதுப் பையன். சொந்த வீட்டில் பல்பு மாற்றியதில்லை. பையில் இரண்டு சோடி சப்பாத்து, கையுறை, அம்மா திணித்து அனுப்பிய சித்தாலேப போத்தல் ஒன்று. கூரையில் ஏறி நின்று படம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் வாழ்நாள் இலட்சியம்.

2. முன்னோர் செய்தவை

அந்நியர் வீட்டைத் திருத்த ஆள் திரட்டிப் போகும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முதலாம் உலகப்போரில் சிதைந்த பிரான்சின் வெர்டன் பகுதியில், ஏன் என்னும் சிற்றூரில், 1920இல் சுவிற்சர்லாந்துக்காரரான பியர் செரசோல் ஒரு தொண்டர் முகாமை நடத்தினார். நேற்றுவரை எதிரியாயிருந்த நாட்டவரும் அதில் சேர்ந்து இடிபாடு அள்ளினர். 1934இல் பீகாரில் பூமி அதிர்ந்தபோது அதே மனிதர் இந்தியாவுக்கும் வந்தார். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு வேலை செய்ய அழைத்துப் போனார். சர்வோதய சிரமதான இயக்கம் பிறந்தது அப்படித்தான். 1969இல் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் டெக்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்த போதகர், இளையோரும் பெரியோருமாக 50 பேரைக் கூட்டிப்போய் நான்கு வீடுகளைத் திருத்தினார். இன்றும் கோடைதோறும் சபைப் பிள்ளைகள் அந்த மலைகளுக்குப் போகிறார்கள்.

கடைசிக் கணக்கை அறிஞர்கள் ஊன்றிப் பார்க்கவேண்டும். நான்கு வீட்டுக்கு ஐம்பது பேர் என்றால் வீடொன்றுக்குப் பன்னிரண்டரைப் பேர். ஒரு வீட்டுக் கூரையில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் நின்றால் கூரை நிற்காது. மீதிப் பத்தரைப் பேர் என்ன செய்தார்கள்? வரலாறு மௌனம் சாதிக்கிறது. ஏணி பிடித்தார்கள் என்பது எம் துணிபு.

3. களம்

அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாக ஹட்டனுக்கு ஏறும் ஏ7 பெருஞ்சாலையில் இருக்கிறது கினிகத்தேனை. நாவலப்பிட்டியிலிருந்து வரும் பாதையும் இங்கேதான் வந்து சேரும். கீழே கித்துல்கலையில் 1950களில் ‘குவாய் ஆற்றுப் பாலம்’ படத்துக்காக ஒரு பாலத்தைக் கட்டி, வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கு ஒஸ்கார் விருதெல்லாம் கிடைத்தது. சற்று மேலே இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயங்களில் மழை அதே தகர்க்கும் வேலையை ஆண்டுதோறும் விருதில்லாமல் செய்துவருகிறது.

மழை என்றால் சாதாரண மழையன்று. பக்கத்திலுள்ள வட்டவளை, நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை நீளும். பள்ளிக்கூட விடுமுறையோ ஆகஸ்டில். ஆகவே கூரையைத் திருத்தும் குழு, கூரை அதிகம் ஒழுகும் காலத்திலேயே தவறாமல் வந்து சேர்கிறது. ஒழுகும் இடத்தைத் தேட வேண்டியதில்லை என்பது இதிலுள்ள ஒரே வசதி.

லயக் கூரைக்கென்று ஒரு தத்துவம் உண்டு. கூரை பொது, ஒழுக்கு தனிச்சொத்து. ஒரே நீளத் தகரத்தின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் என்னும் ஒற்றை அறை வீடுகள். மூன்றாம் காம்பராவின் ஒழுக்கைத் தார் பூசி அடைத்தால், தண்ணீர் கோபித்துக்கொண்டு நான்காம் காம்பராவுக்குப் போய்விடும். அதனால் லயத்தில் ஒரு வீட்டை மட்டும் திருத்துவது இயலாத காரியம். அயலாருடன் பேச்சுவார்த்தை நடத்தாமல் ஓர் ஆணிகூட அறைய முடியாது.

கூரைமேல் இருப்பவை: தகரம் காற்றில் பறக்காதிருக்கக் கல், பழைய டயர், குரங்குகள் நடந்த தடம், தொலைக்காட்சி டிஷ். இவற்றில் டிஷ் மட்டும் தொடத்தகாதது. அது இரண்டு விரல் அகலம் அசைந்தாலும் உள்ளேயிருந்து சீரியல் நின்றுபோன குரல் கேட்கும். அசைத்தவன் மேலே இருப்பான். ஏச்சு விழுவது கீழே இருப்பவனுக்கு.

4. ஏணியும் கானும்

ஏணியை எங்கே ஊன்றுவது என்பதற்கு உலகப்பொது விதி உண்டு. நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வெளியே தள்ளி ஊன்றவேண்டும். கூரை விளிம்புக்கு மேலே மூன்று அடியாவது ஏணி நீண்டு நிற்கவேண்டும். எட்டடி உயரக் கூரை விளிம்புக்கு இரண்டடி தள்ளி என்று கணக்கிட்டால், லயத்தில் அந்த இடத்தில் சரியாகக் கான் ஓடுகிறது. கூரைத் தண்ணீர் விழுந்து ஓட வெட்டியது. விதிப்படி வைத்தால் ஏணி கானுக்குள் நிற்கும். கானைத் தாண்டி வைத்தால் ஏணி அதிகம் சாயும். கானுக்கு உள்பக்கம் இஸ்தோப்பில் வைத்தால் செங்குத்தாகும். மூன்றுக்கும் ஒரே தீர்வுதான்: கீழே ஒருவன் நிற்கவேண்டும். நிற்குமிடம் பெரும்பாலும் கான்.

இங்கே ஓர் உயிரியல் உண்மையும் சேர்கிறது. அட்டைக்கு அசையாமல் நிற்கும் கால்தான் பிடிக்கும். ஏறிப்போனவனை அட்டை கடித்ததாகச் சான்றில்லை. பிடித்து நிற்பவனைக் கடிக்காத நாளுக்கும் சான்றில்லை.

5. பிடியின் வகைகள்

பிடி ஐந்து வகைப்படும்.

முதலாவது பக்திப் பிடி: கண்கள் மேலே, வாய் சற்றுத் திறந்தபடி. துரு விழுந்ததும் இந்நிலை மாறும். இரண்டாவது கைபேசிப் பிடி: ஒரு கை ஏணியில், மற்றது திரையில். மூன்றாவது ஆலோசனைப் பிடி: இதில் கை ஏணியில் படுவதேயில்லை. ‘இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், அந்தா அங்க’ என்று வாயாலேயே பிடிப்பது. சங்கப் பொறுப்பாளர்களிடம் மிகுதி. நான்காவது சாய்பிடி: பார்த்தால் அவன் ஏணியைப் பிடித்திருப்பதுபோல் இருக்கும். உண்மையில் ஏணிதான் அவனைப் பிடித்திருக்கிறது. ஐந்தாவது தேத்தண்ணிப் பிடி: காம்பராவிலிருந்து அம்மாயி கொண்டுவரும் சுடச்சுடப் பிளேன்டீயை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறு கையால் பிடிப்பது.

ஐந்தாம் வகையே ஆய்வுக்கு மிக உகந்தது. ஏனென்றால் மற்ற நான்கிலும் பையனுக்கு ஒன்றும் தெரியவருவதில்லை. தேத்தண்ணி வாங்கியவன் இரண்டு வார்த்தை பேசியாகவேண்டும். பேசினால் இப்படிப்பட்ட தரவுகள் கிடைக்கும்:

‘தம்பி, மேல நிக்கிற புள்ளகிட்ட சொல்லுங்க. சட்டியில சத்தம் மாறிப்போச்சு.’

‘என்ன சத்தம் அம்மாயி?’

‘அலுமினியச் சட்டியில விழுந்தா சாமிப் படத்துக்கு மேல ஒழுகுது. பிளாஸ்டிக் வாளியில விழுந்தா கட்டிலுக்கு மேல. இப்ப ரெண்டுலயும் இல்ல. புதுசா எங்கயோ விழுது.’

புதுசாக விழுந்ததன் காரணம் கூரையில் இருந்தது. தகரத்துக்கு மேடும் பள்ளமும் உண்டு. ஆணியை மேட்டில்தான் அறையவேண்டும். தண்ணீர் பள்ளத்தில் ஓடுவதால், பள்ளத்தில் அறைந்த ஒவ்வோர் ஆணியும் ஓர் ஒழுக்கு. லண்டன் துறைமுகப் பொறியியலாளரான ஹென்றி ரொபின்சன் பாமர் நெளிதகரத்துக்கு 1829இல் காப்புரிமை பெற்ற நாள்முதல் தகரத்தின் குணம் இதுதான். மேலே நின்ற தொண்டர் இதை அறிந்திருக்கவில்லை. கீழே காம்பராவுக்குள் இருந்த அம்மாயி, கூரையைப் பார்க்காமலே காதால் கண்டுபிடித்துவிட்டார்.

6. ஒரு வாரத்தின் போக்கு

இத்தகைய முகாமின் வாரம் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகும்.

ஞாயிறு: ஆராதனை, வரவேற்பு, குழுக் கூட்டம். எத்தனை தகரம் வாங்குவது என்பது சில நிமிடங்களில் முடிவாகும். ரீசேட்டின் நிறம் இரவு வரை இழுபடும். சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த நோர்த்கோட் பார்க்கின்சன் 1957இல் வெளியிட்ட நூலில் இதை முன்பே சொல்லிவிட்டார். அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கொடுக்கும் குழு, சைக்கிள் கொட்டிலுக்கு முக்கால் மணி நேரம் விவாதிக்கும்.

திங்கள்: எல்லோருக்கும் ஏற ஆசை. ஒருவர் ஏற எட்டுப் பேர் பிடிப்பார்கள். பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட கயிறு இழுக்கும் சோதனையின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியே காட்டும் பலத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் காட்டுவார்கள். ஆகவே ஏணியில் இருந்தது நால்வரின் பலம். மத்தியானச் சோற்றில் மட்டும் எட்டு முழுப் பங்கு.

செவ்வாய்: மழை. பாட்டும் விளையாட்டும்.

புதன்: மேலே ஏறியவர் ஆணி வரிசையை விட்டு விலகிக் கால் வைப்பார். ஆணி வரிசைக்குக் கீழேதான் மரச்சட்டம் ஓடும். மற்ற இடமெல்லாம் வெறும் தகரம். அது வளையும். வளைந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கும்.

வியாழன்: பெரட்டுக்குப் போய்க் கொழுந்து மலையில் வேலை முடித்துத் திரும்பும் லயத்து அண்ணன் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ‘தள்ளுங்க தம்பி, நான் ஏறுறேன். நீங்க புடிச்சுக்கிட்டா போதும்’ என்பார். வெறுங்காலோடு ஏறுவார். இருட்டுவதற்குள் பள்ளத்து ஆணிகளைப் பிடுங்கி, துணியும் தாரும் வைத்து அடைத்து, மேட்டில் வாசர் போட்டு அறைந்து, டிஷ்ஷை அசைக்காமல் இறங்கிவிடுவார்.

வெள்ளி: முகாமின் முதல் உருப்படியான வேலைநாள். அண்ணன் வரும்வரை தகரம் தூக்குவது, கான் சுத்தம் செய்வது. வந்தபின் ஏணி பிடிப்பது.

சனி: குழுப்படம். கூரையில் நின்ற அண்ணன் அதில் இருக்கமாட்டார். அவருக்கு அரைநாள் வேலை.

7. தடையும் விடையும்

‘அப்படியானால் முகாமே தேவையில்லையே? தகரத்துக்கான காசை அனுப்பிவிட்டுப் பையன் வீட்டிலேயே இருக்கலாமே?’ என்று ஒருவர் தடை எழுப்பலாம்.

அன்று. தகரம் தூக்க ஆள் வேண்டும், ஏணி பிடிக்க ஆள் வேண்டும். பகல் முழுதும் மலையில் நின்றவருக்கு மாலையில் இவை இரண்டும் ஆயத்தமாயிருந்தால் ஒரு லயம் ஒரு வாரத்தில் மழைக்குத் தாங்கும். இல்லையென்றால் அவர் ஞாயிறுதோறும் ஒரு காம்பராவாகச் செய்து முடிப்பதற்குள் அடுத்த பருவமழை வந்துவிடும். தவிர, காசை மட்டும் அனுப்பியவனுக்கு அலுமினியச் சட்டிக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் உள்ள வேறுபாடு சாகும்வரை தெரியவராது.

இரண்டாவது தடை சற்றுக் கடினமானது. ‘இவ்வளவு தெரிந்த அண்ணன் ஏன் தம் கூரையைத் தாமே முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை?’

கூரை அவருடையதன்று என்பதே விடை. லயமும் அது நிற்கும் மண்ணும் தோட்டத்துக்குரியவை. 1970களில் தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. உள்ளே குடியிருப்பவரின் பெயரில் காணி உறுதி மட்டும் வரவில்லை. நாளைக்கு எழும்பிப் போகச் சொன்னால் தகரத்தையும் கழற்றிக்கொண்டா போவது? அதனால் யாரும் மாற்றுவதில்லை, ஒட்டுப் போடுகிறார்கள்.

லயத்துக்கு மாற்றாக, இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனிவீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்பது அப்போதைய கொள்கை. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள காம்பராவோ 120 சதுர அடிதான். மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோதும் எழுந்த முதன்மைக் கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன.

ரிங்கல்மான் விதி இங்கேயும் செல்லும். அமைச்சுகள், திணைக்களங்கள், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் என்று பிடிக்கும் கைகள் கூடக்கூட, கை ஒன்றின் பலம் குறைகிறது. அவற்றில் ஆலோசனைப் பிடி எத்தனை, சாய்பிடி எத்தனை என்பதை வாசகர் ஐந்தாம் பகுதியைப் பார்த்துத் தாமே வகைப்படுத்திக்கொள்ளலாம்.

8. முடிவும் பரிந்துரையும்

ஒன்று: உதவப் போனவன் ஏறக்கூடாது, பிடிக்கவேண்டும். கூரையை அறிந்தவர் அதன்கீழ் படுப்பவரே.

இரண்டு: முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் சவர்க்காரக் கட்டி ஒன்றைக் கொடுத்தனுப்புக. முழங்கால் வரை பூசினால் அட்டை ஏறத் தயங்கும். சித்தாலேப அதற்குப் பின்னால்தான்.

மூன்று: ரீசேட்டுக் காசில் தகரமும் வாசரும் வாங்குக. குழுப்படத்தைச் சனிக்கிழமை அண்ணன் வேலை முடித்து வந்தபின் எடுக்க.

நான்கு: கூரையை ஒரு வாரத்தில் திருத்தலாம். உறுதியில்லாத வீட்டைத் திருத்த எந்த வாலிபர் சங்கத்தாலும் முடியாது. அது கையெழுத்துப் போடவேண்டியவர்களின் வேலை. அவர்கள் அதைப் போடட்டும். கூரையை லயத்து ஆட்களே பார்த்துக்கொள்வார்கள்.