மேடையில் ஒரு சம்பந்தம்

'வாக் தி லைன்' படத்தில் பாடகர் ஜானி கேஷ், கச்சேரி மேடையிலேயே பாடகி ஜூன் கார்ட்டரிடம் கல்யாணம் பேசுகிறாரே! சினிமாக்காரர்கள் தூவிய மசாலாதானே?

நிஜ மசாலா! 1968 பிப்ரவரியில், கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் லண்டன் நகரத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் கேட்டார். டிக்கெட் வாங்கியவர்கள் அத்தனை பேரும் சாட்சி, எப்படித் தட்டிக்கழிப்பது? மார்ச் 1-ல் கல்யாணம். 2003 மே மாதம் ஜூன் போனார், செப்டம்பரில் ஜானியும். படம் வந்தது 2005-ல்.

ஹாலிவுட்டிலும் நடிகர்கள் வாயசைப்புதானா?

இந்தப் படத்தில் ஜானியாக நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸ், ஜூனாக நடித்த ரீஸ் விதர்ஸ்பூன் இருவரும் சொந்தக் குரலில்தான் பாடினார்கள். அம்மணிக்கு ஆஸ்கர், தயாரிப்பாளருக்குப் பின்னணிப் பாடகர் சம்பளம் மிச்சம்.

ஜானியின் முதல் மனைவி பாவம் இல்லையா?

ரொம்பப் பாவம். ஊர் ஊராகப் பாடப் போன கணவருக்கு நான்கு பெண் குழந்தைகளைப் பெற்று வளர்த்தவர் விவியன். படத்தில் அவருக்குக் கிடைத்ததோ சிடுசிடுப்பு வசனங்கள்தான். அவருக்கு நல்ல வசனம் எழுதினால் ஜானிக்கு யார் கைதட்டுவது? இன்னொன்று: படத்துக்குப் பெயர் கொடுத்த அந்த 1956-ஆம் வருடப் பாட்டை, 'உனக்கே உண்மையாக இருப்பேன்' என்று ஜானி எழுதியது ஜூனுக்காக அல்ல, விவியனுக்காக!