பாட்டில் திணிப்பு

பள்ளிகளில் புது வீட்டுப்பாடம் ஒன்று புறப்பட்டிருக்கிறது. காலி தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் சேரும் பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே எல்லாவற்றையும் கழுவி, காயவைத்து, கத்தரித்து அதற்குள் திணிக்க வேண்டும். குச்சியால் குத்திக் குத்தி, கல்லாக இறுகியதும் மூடியைத் திருகினால் ‘ஈகோ பிரிக்’ தயார். இதை வைத்துச் சுவர் எழுப்பலாம், பெஞ்சு கட்டலாம், பூச்செடிக்கு வரப்பு வைக்கலாம். கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் உண்டு, ‘பசுமைப் போராளி’ என்று பட்டமும் உண்டு. பட்டம் கொடுக்கும் மேடைக்குப் பின்னால் இருபதடி ஃபிளெக்ஸ் பேனர் தொங்கும். அதை எந்தப் பாட்டிலில் திணிப்பது என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டுப்பாடம் பிள்ளைக்கு. செய்வது யார் என்பதைப் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். இரவு பாத்திரம் தேய்த்து முடித்த கையோடு மிளகாய்த்தூள் பாக்கெட்டையும் அலசி, கொடியில் துணிக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறவள் அவள்தான். ஈரம் போகாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். எடை குறைந்தால் அது செங்கல்லே அல்ல. ஒரு மில்லிலிட்டர் கொள்ளளவுக்குக் குறைந்தது 0.33 கிராம் என்று ஈகோ பிரிக் இயக்கத்தார் வகுத்திருக்கிறார்கள். அதாவது ஒரு லிட்டர் பாட்டில் செங்கல்லுக்கு 330 கிராம். காலி ஷாம்பு சாஷே என்ன எடை வரும்? ஊதினால் பறக்கும். ஆகவே தாய்மார்களே, தலைக்குக் குளித்துக்கொண்டே இருங்கள். நாட்டுக்குச் செங்கல் தேவைப்படுகிறது.

எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் போட்டால் இன்னும் உற்சாகம் பிறக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 2020-21இல் இந்தியாவில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 41 லட்சம் டன். பாட்டிலுக்கு 330 கிராம் வீதம் திணித்தால் ஓராண்டுக்கு ஏறத்தாழ 1,240 கோடி பாட்டில். அத்தனை காலி பாட்டிலுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். அதையும் கம்பெனிகளே தண்ணீர் நிரப்பி விற்கும். குடித்துத் தீர்ப்பது மட்டும் நம் வேலை.

இதில் இன்னொரு கெட்டிக்காரத்தனத்தையும் பாருங்கள். வீட்டுக் குப்பையில் பழைய பேப்பர்காரர் காசு கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் என்றால் முதலில் இந்தத் தண்ணீர் பாட்டில்தான். ‘பெட்’ என்கிற அந்த ரகம் காயலாங்கடைக்குப் போய், நசுங்கி, செதிலாகி, நூலாகி, சட்டையாகக்கூடத் திரும்பி வரும். அதன் வயிற்றில் எவரும் சீண்டாத உறைகளை அடைத்து மூடினால், பேப்பர்காரர் அதைத் தொடக்கூட மாட்டார். ஏற்கெனவே மறுசுழற்சி ஆகிக்கொண்டிருந்த பொருளையும் குப்பையாக்கிவிட்டு, அந்தச் சாதனைக்குச் ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு’ என்று பெயர் வைத்துக் கைதட்டுகிறோம்.

இந்த யோசனையை முதலில் கையில் எடுத்தவர்களை நான் கேலி செய்யவில்லை. குவாத்தமாலாவின் அதித்லான் ஏரிக்கரைக் கிராமங்களிலும் பிலிப்பைன்ஸின் மலையூர்களிலும் குப்பை அள்ள ஒரு நாதியில்லாத நிலையில் செய்தார்கள். எரித்தால் நச்சுப்புகை, விட்டால் ஏரி நாசம். வேறு வழியில்லாதவர்கள் பாட்டிலில் அடைத்தார்கள். நமக்கு மாநகராட்சி இருக்கிறது, வரி இருக்கிறது, வாரியம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டம் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் கதைதான் ரசமானது. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 9ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். பலபடல உறைகளையும் சாஷேக்களையும் திரும்பச் சேகரிக்கும் முதல் பொறுப்பு, அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவரும் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பிராண்டு உரிமையாளருடையது என்று பச்சையாக எழுதியிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை பற்றியோ அதன் அம்மாவைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. அதோடு, மறுசுழற்சி செய்ய முடியாத பலபடல பிளாஸ்டிக்கை இரண்டே ஆண்டுகளில் ஒழித்துக்கட்ட வேண்டும் என்றும் அதே விதி சொன்னது. கணக்குப்படி 2018இல் அலுமினியப் பளபளப்போடு மின்னும் அந்தச் சிப்ஸ் பாக்கெட்டுக்குக் கருமாதி நடந்திருக்க வேண்டும்.

2018 மார்ச்சில் நடந்தது திருத்தம். மறுசுழற்சி செய்ய முடியாத, அல்லது எரித்து ஆற்றல் எடுக்க முடியாத, அல்லது மாற்றுப் பயன்பாடு எதுவுமில்லாத பலபடல பிளாஸ்டிக்கை ஒழித்தால் போதும் என்று விதியின் பிடியைத் தளர்த்திவிட்டார்கள். உலகத்தில் எரியாத பிளாஸ்டிக் எது? மாற்றுப் பயன்பாடே இல்லாத குப்பைதான் எது? பாட்டிலில் திணித்தால் அதுவும் ஒரு பயன்பாடுதானே! ஆக, அந்த அம்மா இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் குச்சியால் குத்தும் ஒவ்வொரு குத்தும், இந்த உறைக்கு உலகத்தில் உபயோகம் உண்டு என்று கம்பெனிக்காக அவள் சம்பளமில்லாமல் சொல்லும் சாட்சி.

2022 ஜூலை முதல் நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. பலூன் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, காது குடையும் குச்சி எல்லாம் பிடிபட்டன. சாஷே பிடிபடவில்லை. குச்சிக்கு வாதாட யாருமில்லை போலும். இத்தனைக்கும் சாஷே நம் மண்ணின் மைந்தன். கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்கிற மனிதர் ஏழைக்கும் எட்டும் விலையில் சின்னப் பாக்கெட்டில் விற்றுக் காட்டிய வித்தையைத்தான் பிறகு பன்னாட்டுக் கம்பெனிகள் உலகெங்கும் எடுத்துப்போயின. ஏழைக்கு ஷாம்பு கிடைத்தது நல்லதுதான். லாபம் மேலே போனது, உறை மட்டும் ஏழையின் தெருச் சாக்கடையிலேயே தங்கிவிட்டது.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம், அது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தீர்ந்தது என்று காட்ட, கம்பெனிகளும் இத்தனை டன் பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆனது என்று மறுசுழற்சியாளர்களிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும். 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதனை போட்டபோது குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள் மட்டும் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உற்பத்தி செய்திருந்தது தெரியவந்தது. பள்ளிக்கூடத்துப் பாட்டிலையாவது தராசில் வைத்து எடை பார்த்துத்தான் வாங்குகிறார்கள். எடை குறைந்தால் டீச்சர் திருப்பி அனுப்பிவிடுவார்.

குப்பையை உண்மையில் பிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு எந்தப் பட்டமும் கிடையாது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், தங்கள் வேலையைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள் என்று கேட்டு இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸார் அவர்களை வண்டியில் ஏற்றிப்போனார்கள். பசுமைப் போராளிகளுக்கு மேடை, குப்பைப் போராளிகளுக்கு வேன்.

அதே ஆகஸ்டில் ஜெனீவாவில், பிளாஸ்டிக்குக்கு உலக ஒப்பந்தம் போட வந்தவர்களில், உற்பத்தியைக் குறைப்பது பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்று ஒரு கூட்டமும், அந்தப் பேச்சே கூடாது என்று எண்ணெய் விற்கும் நாடுகளும் மல்லுக்கட்டி, ஒப்பந்தமில்லாமலே கலைந்தார்கள். எண்ணெய்க் கிணற்றை அவர்கள் மூட மாட்டார்களாம். நாம் பாட்டிலை மூட வேண்டுமாம்.

சரி, இவ்வளவு பாடுபட்டுச் செய்த செங்கல்லில் யாருக்கு வீடு கட்டுகிறார்கள்? எங்கே பார்த்தாலும் இந்தச் சுவர் ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறையைத்தான் தேடிப்போகிறது. பாட்டிலும் எரியும், உள்ளே இருப்பதும் எரியும். பூச்சு உதிர்ந்தால் வெயில் பட்டு பாட்டில் நொறுங்கித் துகளாக மண்ணில் கலக்கும். இத்தனை மகத்தான பொருளை ஏழைகளுக்கே ஒதுக்கிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த 9ஆவது விதியைத் திருத்தியவர்கள் உட்காரும் அலுவலகத்துக்கு முதல் சுவர் எழும்பட்டும். அடுத்தது சாஷே கம்பெனி முதலாளியின் கடற்கரைப் பங்களா, படுக்கையறையிலிருந்தே தொடங்கலாம். பாட்டில்களை நாங்கள் தருகிறோம், எடை போட்டே தருகிறோம். வண்டி வாடகை மட்டும் விதிப்படி அவர்களுடையது. கட்டி முடித்ததும் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பிக்கட்டும். அந்தக் கோப்பில் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுகிறார் என்று பார்க்க வேண்டும்.