சலசலப்பு

கூட்டத்தில் நாலு பேர் எழுந்து கேள்வி கேட்டால் மறுநாள் செய்தியில் ‘சலசலப்பு’. மைக்கைப் பிடுங்கினால் ‘அமளி’. நாற்காலி பறந்தால் ‘ரகளை’. அதானி குழுமத்தின் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேல் பெருக்கத் திட்டம் போட்டார்கள். அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. கடலையே கிளறிப்போடும் இந்த வேலைக்கு மட்டும் ‘விரிவாக்கம்’ என்று சலவை செய்த பெயர். அந்தப் பகுதியின் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள் வாய் திறந்தால், மறுபடியும் சலசலப்பு! பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாதாம். இந்த விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அந்தத் துணிச்சல் இல்லை போலும்: 2021 ஜனவரியில் தள்ளிவைத்தார்கள், 2023 செப்டம்பரிலும் தள்ளிவைத்தார்கள்.